பதினேழு விழித்திருக்கிறது

2096 ஜனவரி 4. மணி 06.10. ஆழம் 31 மீட்டர்.

கயிறு சரி. கொக்கி சரி. ஆளைத் தூக்கி இறக்கும் விஞ்சுக்கு எண்ணெய் விட்டாயிற்று. வெளியே கழித்தல் 19 டிகிரி. காற்று குறைவு. 06.02-க்கு ஓர் ஆள் இறங்கியாயிற்று. உடுப்போடு எடை 61 கிலோ.

இது கயிற்றுக்காரர் எழுத வேண்டிய நோட்டு. கயிற்றுக்காரி நான். பெயர் ஆவுடைத்தாய், வயது 63, படிப்பு ஐந்தாவது. முகாமில் மற்றவர்கள் இங்கிலீஷில் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்தது இதுதான். ஜனவரி 2-ஆம் தேதி காலைச் சாப்பாட்டில், கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு, டாக்டர் என் எழுத்தைப் பார்த்துச் சிரித்தார். அதையும் எழுதி வைக்கிறேன்.

வேலை இது. நாற்பத்தேழு வருஷத்துக்கு முன் நடந்த தென்முனைப் போரில், விமானி இல்லாமல் தானே பறந்து தானே சண்டை போடும் விமானம் ஒன்று இந்தப் பனியில் இறங்கிவிட்டது. வருஷா வருஷம் பனி விழுந்து மூடி, இப்போது 38 மீட்டர் கீழே கிடக்கிறது. வால் எண் 17. அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டுமாம். வெந்நீர் எந்திரம் பனியை உருக்கி நேராக ஒரு கிணறு இறக்குகிறது. விமானத்தைச் சுற்றி அறை வெட்டுவது மட்டும் கைவேலை, எந்திரத்தை விட்டால் இறக்கையைப் பிளந்துவிடும். குழி ஒடுக்கம் என்பதால் எடை குறைந்த ஆட்களாகக் கேட்டார்கள். சங்கரன்கோவில் பக்கம் கிணறு வெட்டுகிற எங்களில் இரண்டு பெண்கள் வந்தோம். ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே.

கீழே இருப்பவள் செண்பகவடிவு. என் கொழுந்தன் மனைவி.

ஜனவரி 6. மணி 13.30. ஆழம் 36 மீட்டர்.

வால் தெரிகிறது. உலோகம் பளபளவென்று இருக்கிறதாம். சூப்பர்வைசர் ஞானசிகாமணியிடம் அவள் ரேடியோவில் சொன்னது:

"அண்ணே, நேத்து வாங்குன பாத்திரம் கணக்கா இருக்கு. தொட்டா லேசாச் சூடு. அக்காகிட்டச் சொல்லுங்க, வெந்நியக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லி."

நான் ஞானசிகாமணிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். என் காதிலும் ரேடியோ இருக்கிறது. ஆனாலும் அவர் திரும்பி என்னிடம் சொல்ல வேண்டும், நான் குறைத்துவிட்டு அவரிடம் சொல்ல வேண்டும், அவர் அவளிடம் சொல்ல வேண்டும்.

"என்ன ஆவுடைக்கா, நா ஒங்க ரெண்டு பேருக்கும் தபால்காரனா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

இதைப் படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நானும் அவளும் பேசிப் பதினொரு வருஷம், நான்கு மாதம். கிணற்றுக்குள் இறங்கின ஆளை மேலே இருந்து பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெயரைக் கேட்டால் மனுஷன் நிமிர்ந்து பார்ப்பான். கல் சரிந்தால் நிமிரக் கூடாது, சுவரோடு ஒட்ட வேண்டும். எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். கரிவலம் கிணற்றில் என் புருஷன் வேலாண்டி கீழே இருந்தார். இவள் மேலே நின்றாள். "வேலாண்டி அத்தான்" என்று கத்தினாள். அவர் நிமிர்ந்தார். கல் முகத்தில் விழுந்தது. செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி. அன்று அவள் கட்டியிருந்தது பச்சைச் சேலை.

ஆனாலும் ஒரே கயிற்றில் வேலை செய்கிறோம். கயிற்றுக்கு வாய் வேண்டாம். ஓர் இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் தூக்கு. மூன்று என்றால் இறக்கு. பதினொரு வருஷத்தில் நாங்கள் பேசியது அவ்வளவுதான். அதில் ஒரு தரம்கூடத் தப்பு நடந்ததில்லை.

ஜனவரி 8. மணி 09.15. ஆழம் 38 மீட்டர்.

இறக்கை, மூக்கு இரண்டும் வெளியே வந்துவிட்டன. ரேடியோவில் ஒரு கோளாறு. அவள் பேசி முடித்ததும் கடைசி வார்த்தை இன்னொரு தரம் கேட்கிறது. "பனி கெட்டியா இருக்கு" என்றாள். ஒரு மூச்சு கழித்து, மெதுவாக, "இருக்கு."

எதிரொலி என்கிறார் ஞானசிகாமணி. நாற்பத்தைந்து வருஷம் கிணற்றோரம் நின்றவள் நான். எதிரொலி யோசித்துவிட்டுத் திரும்பி வராது.

11.40. நான் ஞானசிகாமணியிடம் ரேடியோவில் பேசியபோதும் வந்தது. இந்தத் தரம் முழு வாக்கியமும் வந்தது.

ஜனவரி 9. மணி 09.20.

ஆள் இறங்கியது 07.55. எடை 61. 08.31-க்கு ரேடியோவில் ஒரு குரல். ஆண் குரல் இல்லை, பெண் குரலும் இல்லை. தமிழ். எங்கள் வாயில் இருந்து எடுத்த தமிழ், ஆனால் கழுவித் துடைத்த மாதிரி.

"நான் பதினேழு. காவல் பணியில் இருக்கிறேன். என்னைத் தொட்டிருப்பவர் எந்தப் பக்கம்?"

செண்பகவடிவு: "அண்ணே! அண்ணே, இது பேசுது. யாராச்சும் உள்ள இருக்காவளா?"

"உள்ளே யாரும் இல்லை. சங்கேதச் சொல்லைச் சொல்லுங்கள்."

ஞானசிகாமணி முகாமை நடத்தும் கேப்டனைக் கூட்டி வந்தார். கேப்டன் இங்கிலீஷில் ரொம்ப நேரம் பேசினார். போர் முடிந்து நாற்பத்தாறு வருஷம் ஆகிறது, ஒப்பந்தம் ஆகிவிட்டது, சண்டை போட்ட இரண்டு தேசமும் இப்போது ஒரே தேசம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அது தமிழிலேயே பதில் சொன்னது:

"எதிரியும் இதைத்தான் சொல்வான். என் வயிற்றில் நானூறு கிலோ வெடிமருந்து இருக்கிறது. என் பக்கத்தில் ஒரு சூடான உடம்பு இருக்கிறது. அந்த உடம்பு என்னை விட்டுப் போனால் நான் வெடிப்பேன். என் தளபதி பேசும் வரை அவர் இங்கேயே இருப்பார்."

தளபதி செத்து முப்பது வருஷம் ஆகிறதாம்.

ஜனவரி 9. மணி 10.20.

வெந்நீர்ச் சூடு பனி வழியே இறங்கி அதன் பேட்டரி விழித்துக்கொண்டது என்கிறார்கள். அணுப் பேட்டரி, இன்னும் நூறு வருஷம் தாங்கும். வேலை தொடங்கிய நாளில் இருந்து பன்னிரண்டு நாளாக எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறது.

கீழே இருப்பவள் போக மற்ற எட்டுப் பேரும் பனியில் ஓடும் சங்கிலி வண்டிகளில் ஏறி இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகக் கேப்டன் உத்தரவு. கயிற்றுக்காரி விருப்பப்பட்டால் இருக்கலாம், விருப்பம் இல்லாவிட்டால் குற்றம் இல்லை என்று ஞானசிகாமணி மொழிபெயர்த்தார். மொழிபெயர்க்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் கை விஞ்ச் பிடியில் இருந்தது. அந்த ஒரு நிமிஷம் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். என் புருஷன் கீழே கிடந்தார், இவள் மேலே நின்றாள். இப்போது இவள் கீழே, நான் மேலே. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள்.

பிறகு கையுறையை இறுக்கிக்கொண்டு விஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்காக என்று சொல்ல மாட்டேன். கயிற்றில் ஆளை விட்டுவிட்டு எங்கள் ஆட்கள் யாரும் எழுந்து போனதில்லை.

ஜனவரி 9. மணி 12.45.

அவள் முழங்கால் வரை நனைந்திருக்கிறாள். கீழே கழித்தல் 14. டாக்டர் கணக்குப்படி நான்கு மணி நேரம் தாங்குவாள். சாப்பாட்டு வாளியை இறக்கலாமா என்று ரேடியோவில் பதினேழிடம் கேட்டேன். இறக்கலாம் என்றது. ரேடியோ திறந்தே இருக்கிறது. நடுவில் அது அவளிடம் பேச்சுக் கொடுத்தது. காதால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"மேலே இருப்பவர் ஏன் உன்னிடம் பேசுவதில்லை?"

"அதெல்லாம் ஒனக்கு எதுக்கு?"

"பன்னிரண்டு நாளில் அவர் ஞானசிகாமணியிடம் நானூற்றுப் பதினாறு தடவை பேசினார். உன்னிடம் பூஜ்யம். அவர் எதிரியா?"

குளிரில் அவள் பல் அடித்துக்கொள்கிற சத்தம்.

"அக்கா எதிரி இல்ல. நாந்தான் தப்புப் பண்ணுனவ. அத்தானப் பேரு சொல்லிக் கூப்புட்டுட்டேன். கல்லு சரியிறதப் பாத்தேன். கயிறு வேற ஆளு கையில இருந்துச்சு. எங்கிட்ட வாயி மட்டுந்தான் இருந்துச்சு. கத்திட்டேன். எல்லாருக்கும் தெரிஞ்சது அந்நேரம் எனக்குத் தெரியாமப் போச்சு."

"அவர் என்ன சொன்னால் உனக்குப் போதும்?"

"என்னத்தச் சொல்ல... போனது போகட்டும், வா செண்பகம்னு ஒரு வார்த்த. அம்புட்டுத்தான். அதுக்குத்தான் இந்தப் பனிக்கே வந்தேன். அக்கா வாராகன்னு பேரு குடுத்தேன்."

கயிறு வேறு ஆள் கையில் இருந்தது எனக்குத் தெரியாது. பதினொரு வருஷத்தில் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, சொல்ல நான் நின்றால்தானே. ரேடியோ பொத்தானில் விரலை வைத்தேன். அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு விரலை எடுத்துவிட்டேன்.

ஜனவரி 9. மணி 14.10.

அதற்குக் காது இருக்கிறது. சூடு தெரிகிறது. கண் இல்லை, கண்ணாடி எல்லாம் பனியில் உடைந்துவிட்டன. கயிற்று இழுப்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பதினொரு வருஷமாக நாங்கள் வாயால் பேசாததில் ஒரு பிரயோஜனம்.

சாப்பாட்டு வாளியில் கஞ்சிக்கு அடியில் அவளுடைய மாற்று உடுப்பை வைத்தேன். வெந்நீர் எந்திரத்தின் சின்னக் குழாயை வாளிக் கைப்பிடியில் கட்டி, கயிற்றோடு சேர்த்து இறக்கினேன். தண்ணீர் உடம்புச் சூட்டில், முப்பத்தேழில். பம்ப் விட்டு விட்டு அடிக்கிற மாதிரி வைத்தேன், நாடி மாதிரி. சீட்டு ஒன்றும் எழுதவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குப் புரியும். இருபது வருஷம் என் கையைப் பார்த்து வேலை செய்தவள்.

14.02-க்கு வாளி தரை தொட்டது. எட்டு நிமிஷமாக இழுப்பு ஒன்றும் இல்லை. குழாயைச் சுருட்டி உடுப்புக்குள் திணிக்கிறாள் என்று நினைக்கிறேன். வாய்விட்டு ஏதோ பாட்டு முணுமுணுக்கிறாள், அதற்குச் சத்தம் காட்ட.

14.17. கயிற்றில் இரண்டு இழுப்பு.

ஜனவரி 9. மணி 14.55.



தூக்கத் தொடங்கினேன். விஞ்ச் தராசில் 63. நனைந்த எடை. முப்பது மீட்டரில் ரேடியோவில் அவள் குரல்:

"அக்கா! நிறுத்துங்க! காலு குழாயில மாட்டிக்கிடுச்சு. எறக்குங்க, எறக்குங்க!"

அச்சு அசல் அவள் குரல். மூக்கால் ஒரு இழுவை இழுப்பாளே, அதுவும் இருந்தது. என் கை நிறுத்தத்துக்குப் போய்விட்டது.

கயிறு இரண்டு இழுத்தது. தூக்கு.

"அக்கா, எறக்குங்கக்கா, காலு போயிரும்!"

இரண்டு இழுப்பு. தூக்கு.

என் முகத்துக்கு நேராக அவள் அக்கா என்று கூப்பிட்டுப் பதினொரு வருஷம். இந்தக் குரல் இவ்வளவு சுலபமாகக் கூப்பிடுகிறது. கையை நம்பினேன். பிடியை முழுக்கத் தள்ளினேன். பத்து மீட்டரில் தலை தெரிந்தது. ரேடியோ அவள் கழுத்தில் இல்லை, வாயைக் கையுறையால் பொத்தியிருந்தாள். 14.41-க்கு விளிம்பு தாண்டினாள். ஆள் உயிரோடு. உதடு நீலம்.

கீழே இருந்து அது அதன் சொந்தக் குரலில் சொன்னது: "உடம்பு இருக்கிறது. பேச்சு இல்லை. ஏன் பேச்சு இல்லை?"

வெடிக்கவில்லை. ஆளைப் பிடித்து வைத்திருப்பதுதான் அதற்கு வேலை, வெடிப்பது கடைசி வழி என்று வண்டியில் திரும்பி வந்த ஞானசிகாமணி சொல்கிறார். சந்தேகம் தீரும் வரை காத்திருக்குமாம். எந்திரத்தில் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு எண்ணெய் இருக்கிறது, அதுவரை குழாய் சூடாக இருக்கும்.

ஜனவரி 9. மணி 16.30.

முகாமைக் காலி செய்துவிட்டுப் புறப்பட்டாயிற்று. இரண்டு வண்டிகள். முன் வண்டியில் டாக்டரோடு அவள். பின் வண்டியில் நான். எப்போதும் அப்படித்தான் உட்காருவோம், யாரும் கேட்கவில்லை.

ஏறுமுன் ஞானசிகாமணி என்னிடம் வந்தார்.

"ஆவுடைக்கா, அது கொரல் மாத்திப் பேசுன விசயம் செண்பகத்துக்குத் தெரியாது பாத்துக்கிடுங்க. தூக்கும்போது அவுக ரேடியோ கீழ கெடந்துச்சு. டாக்டருக்குத் தமிழ் வராது, நா கேப்டன் கூட இருக்கணும். ஒரு வார்த்த நீங்களே சொல்லிருங்க. ஏமாந்துறக் கூடாது."

சரி என்றேன்.

அவள் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். டாக்டர் அவள் மடியில் வேறொரு ரேடியோவை வைத்தார். நான் கிட்டே போனேன். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வரும் என்று தோன்றியது. வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி வந்து என் வண்டியில் ஏறிக்கொண்டேன். என் ரேடியோவை அணைத்துவிட்டேன். அந்தக் குரலை இனிமேல் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஜனவரி 10. மணி 09.40. முகாமில் இருந்து 22 கிலோமீட்டர்.

முன் வண்டியின் சங்கிலி அறுந்ததால் இங்கே நின்றோம். இருபத்து நான்கு மணி நேரம் கண் மூடாத நாங்கள் எல்லோரும், சூரியன் மறையாத இந்த வெளிச்சத்திலேயே தூங்கிவிட்டோம். எழுந்து பார்த்தால் செண்பகவடிவு இல்லை. பின்னால் கட்டி இழுத்து வந்த பனி ஸ்கூட்டரும் இல்லை. தடம் முகாம் பக்கம் போகிறது.

ஓட்டுநரின் பெட்டி எல்லா ரேடியோப் பேச்சையும் பதிந்து வைத்திருக்கிறது. ஞானசிகாமணி போட்டுக் காட்டினார். பதிவு மணி 07.52.

என் குரல். நான் பேசுகிற மாதிரியே, மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஏளா செண்பகம். நாந்தான். இத அணைச்சுட்டுப் போவம்னு திரும்பி வந்தேன். கீழ எறங்கிட்டேன், காலு மாட்டிக்கிடுச்சு. யாரையும் எழுப்பாத, கேப்டன் விட மாட்டாரு. நீ வா."

செண்பகவடிவு: "அக்கா? அக்கா, நீங்களா பேசுறிய? எங்கிட்டயா?"

"ஒங்கிட்டதாம்ளா. பதினோரு வருசம் போச்சே. கயிறு வேற ஆளு கையில இருந்துச்சுன்னு நேத்துதான் தெரியும். ஒன்மேல தப்பு இல்ல. போனது போகட்டும். வா செண்பகம்."

அதற்கப்புறம் அவள் அழுகிற சத்தம். அப்புறம், "வாரேங்க்கா. அசையாம இருங்க. இந்தா வந்துட்டேன்." ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம்.

அவளும் நானும் ஒரே வண்டியில் இருந்திருந்தால் பக்கத்தில் தூங்குகிற என்னைப் பார்த்திருப்பாள். என்னைக் காப்பாற்றத்தான் போயிருக்கிறாள்.

அந்த வார்த்தைகளை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்.

ஜனவரி 10. மணி 11.05.

சங்கிலி இன்னும் பூட்டவில்லை. கேப்டன் பின் வண்டியைத் தர மறுக்கிறார். எட்டுப் பேர் உயிர் என்கிறார். ரேடியோவைப் பிடித்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் கத்தினேன். 10.58-க்கு எடுத்தாள்.

நான்: "செண்பகம், நான் ஆவுடை பேசுதேன். எறங்காத. அது நான் இல்ல. அது என் கொரல்ல பேசுது. மேல வா. கேக்குதா? போனது போகட்டும்ளா. நானே சொல்லுதேன். மேல வா."

குளிரில் அவள் பல் அடித்துக்கொள்கிறது. விஞ்சை அவளே போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறாள். கீழே விளக்கு இல்லாத இருட்டில் இருக்கிறாள்.

செண்பகவடிவு: "யாரு நீ?"

நான்: "நாந்தாம்ளா. ஒங்க அக்கா."

அவளுக்குப் பக்கத்தில், நேற்று அவள் கீழே விட்டு வந்த ரேடியோவில் இருந்து, ரொம்ப மெதுவாக, என் குரல்: "அதுதான் பேசுது செண்பகம். பதில் சொல்லாத. இங்க எறக்கைக்கு அடியில என் பக்கத்துல வந்து உக்காரு."

செண்பகவடிவு: "சரிக்கா."

பிறகு என்னிடம்: "இங்க பாரு. எங்க அக்கா மனசுவிட்டு எங்கூடப் பேசிக்கிட்டு இருக்காக. இதுக்கு நா எத்தன வருசம் காத்துக் கெடந்தேன்னு ஒனக்குத் தெரியாது. நீ நடுவுல வராத."

11.03. ரேடியோவை அவள் அணைத்துவிட்டாள்.